ஒத்திகைன்னு சொல்லுங்க

அளவெடுக்கப் போகிற வீட்டில் ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும், மனிதர்களைப் பார்க்கக் கூடாது என்பது கர்ட்டன்காரரின் தொழில் தர்மம். ஊரார் படுக்கையறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து, டேப்பை நீட்டிப் பிடித்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு வாய் திறக்காமல் வெளியே வருகிற வேலை அது. கணவன் மனைவிக்குள் சண்டை உச்சத்தில் இருந்தாலும் இடையில் புகுந்து, "தரை வரைக்கும் தொங்கணுமா, ஜன்னல் வரைக்கும் போதுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவார். பதில் வராவிட்டால் தரை வரைக்கும் தைத்துவிடுவார். துணி அதிகம் போகும், சண்டை போட்டவர்கள் பிற்பாடு அதைக் கவனிக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்டவரைத்தான் அந்தப் பெரிய வீட்டில் ஒரு பெண் மாட்டிவிட்டாள்.

அந்த வீட்டு மேடம் மிகவும் மென்மையானவர். பேசினால் பஞ்சு பறக்கும். "இவளை வேலைக்காரின்னு நான் சொன்னதே இல்ல. எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று அந்தப் பெண்ணை அறிமுகப்படுத்தினார். பெண்ணுக்கு இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் துடைப்பம், தோளில் துண்டு, கண்ணில் தூக்கம்.

"எந்த ஊரும்மா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார் கர்ட்டன்காரர்.

"தூரத்து ஊரு" என்றார் மேடம்.

"சாப்டியாம்மா?"

"சாப்டுட்டா" என்றார் மேடம்.

"இந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறியா?"

"பிடிச்சுப்பா" என்றார் மேடம்.

பாவம், ஊமைப் பெண் போலிருக்கிறது என்று கர்ட்டன்காரர் நினைத்துக்கொண்டார். சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் இருந்த சிறிய அறையில் சோப்புத்தூள் மூட்டைக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது. பக்கத்தில் ஒரு தலையணை. கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். "இந்த ரூமுக்கும் அளவெடுக்கணுமா மேடம்?" என்று கேட்டார். "அதுல ஜன்னலே கிடையாதே!" என்று மேடம் சிரித்தார். கர்ட்டன்காரரும் சிரித்தார். வாடிக்கையாளர் சிரித்தால் சிரிப்பதும் தொழில் தர்மம்தான்.

மேடத்துக்கு ஃபோன் வந்தது. பால்கனிக்குப் போனார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த ஊமைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, உங்க வண்டியில இடம் இருக்குமா?"

கர்ட்டன்காரர் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தார். "வண்டியில... திரை மாட்டுற கம்பி இருக்கும்மா."

"கம்பிக்குப் பக்கத்துல உக்காந்துக்கிறேன். பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஃபோனையும்தான். வந்ததுலேர்ந்து இந்த கேட்டைத் தாண்டினதே இல்ல. ராத்திரி அந்த ரூம்ல போட்டு வெளியில தாழ் போட்டுடுறாங்க. குழந்தை பாத்துக்கிற வேலைன்னு சொல்லித்தான் ஏஜென்ட் கூட்டிட்டு வந்தான். இந்த வீட்ல குழந்தையே இல்லண்ணே."

மேடம் திரும்பி வந்துவிட்டார். "என்ன, ஏதாவது கேட்டாளா?"

"ஸ்டூல் ஆடுதான்னு கேட்டுச்சு மேடம்" என்றார் கர்ட்டன்காரர். அவர் வாழ்க்கையில் வாடிக்கையாளரிடம் சொன்ன முதல் பொய் அதுதான், துணி சுருங்காது என்று சொல்வதைக் கணக்கில் எடுக்காவிட்டால்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே எல்லாவற்றையும் கேட்பார். மெஷின் நின்றால் விஷயம் பெரியது என்று அர்த்தம். மெஷின் நின்றது.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"கம்பி இருக்குன்னு சொன்னேன்."

"ஐயோ, உங்களை வச்சுக்கிட்டு!"

"இல்ல, எனக்கு ஒரு சந்தேகம். பஸ் ஸ்டாப்புல போர்டு வச்சிருக்காங்களே, 'நவீன அடிமைத்தனத்தை அடையாளம் காண்போம்'னு. அதுல ரெண்டு கையி, துருப்பிடிச்ச சங்கிலி. இந்தப் பொண்ணு கையில சங்கிலி எதுவும் இல்ல."

"தாழ்ப்பாள் இருக்கும்போது சங்கிலிக்கு எவ செலவு பண்ணுவா? அந்த போர்டுல ஃபோன் நம்பர் போட்டிருக்குமே, அடிங்க."

அடித்தார். இனிமையான குரல் ஒன்று பேசியது. 'நீங்கள் அடிமைப்படுத்தப்பட்டவர் எனில் எண் ஒன்றை அழுத்தவும். அடிமைப்படுத்துபவர் எனில் எண் இரண்டை அழுத்தவும். பொதுவான ஆர்வம் எனில் எண் மூன்றை அழுத்தவும்.'

தன்னுடையது பொதுவான ஆர்வம்தான் என்று தீர்மானித்து மூன்றை அழுத்தினார். மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டியின் விதிமுறைகளைக் குரல் வாசிக்க ஆரம்பித்தது. துண்டித்துவிட்டு மறுபடி அடித்து ஒன்றை அழுத்தினார். 'தங்கள் முதலாளியிடம் முறைப்படி அனுமதி பெற்று, அலுவலக வேளையில் நேரில் வரவும்' என்றது. மனைவி ஃபோனைப் பிடுங்கி, கோபத்தில் இரண்டை அழுத்தினார். உடனே உயிருள்ள மனிதர் ஒருவர் எடுத்தார். "வணக்கம்ங்க! சட்ட ஆலோசனை வேணுமா? வக்கீல் ஏற்பாடு பண்ணட்டுமா? ஒண்ணும் பயப்படாதீங்க."

"நேர்லயே போயிடலாம்" என்றார் மனைவி.

திரைகள் தைத்து முடிந்து மாட்டப் போன நாளில், வழக்கத்துக்கு மாறாக மனைவியும் கூடப் போனார். புதுத் திரைகளை மாட்டிவிட்டு, கழற்றிய பழையவற்றைக் கூடத்தில் வேண்டுமென்றே ஒரு உதறு உதறினார். தூசி கிளம்பியது. மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அச்சச்சோ, உங்களுக்கு ஒத்துக்காதுங்க மேடம், நீங்க உள்ள போயிடுங்க. இந்தப் பொண்ணு வண்டி வரைக்கும் தூக்கிட்டு வந்து போடட்டும்."

மேடம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முகம் தெரியாத அளவுக்குப் பழைய திரைகளைச் சுமந்துகொண்டு அந்தப் பெண் வண்டிக்கு வந்தாள். வந்தவள் மூட்டையோடு உள்ளே ஏறிக் கம்பிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வண்டி தெரு திரும்பும்வரை மூட்டைக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு தூக்கிப் பார்த்து, ரோட்டில் ஒருவர் சைக்கிளில் போவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவீன அடிமைத்தன அடையாளங்காணல் மற்றும் உதவி இயக்ககம் கண்ணாடி பதித்த பெரிய கட்டடம். வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். 'மாபெரும் மீட்பு ஒத்திகை! அனைவரும் வருக!' என்று துணிப்பதாகை தொங்கியது. கர்ட்டன்காரர் முதலில் அதன் ஓரத்தையலைப் பார்த்தார். மட்டமான தையல்.

"ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கோம். ஒரு வீட்ல அடைச்சு வச்சு வேலை வாங்கியிருக்காங்க" என்று ஆரம்பித்தார் வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணியிடம்.

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "பாதிக்கப்பட்டவர் வந்தாச்சா? இவ்வளவு லேட்டாவா? வாங்க வாங்க!"

அதற்கப்புறம் நடந்தவை கர்ட்டன்காரர் ஜென்மத்தில் கண்டிராத உபசரிப்பு. ஒருவர் ஓடி வந்து அந்தப் பெண்ணின் தோளில் கம்பளி போர்த்தினார். நல்ல வெயில் காலம். இன்னொருவர் சூடாக டீ கொடுத்தார். ஒரு டாக்டர் நாடி பார்த்தார். மனநல ஆலோசகர் வந்து, "உங்க உணர்வுகள் செல்லுபடியாகும்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். கர்ட்டன்காரருக்குக் கண் கலங்கியது. "பாத்தியா, இந்த ஆபீசைப் போய்ச் சந்தேகப்பட்டோமே" என்றார் மனைவியிடம்.

இயக்குநர் வந்தார். உயரமானவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரிக்கத் தெரிந்தவர். அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார்.

"முகபாவம் நல்லாருக்கு. ஆனா சங்கிலி எங்க? சங்கிலி இல்லாம ஜனங்க எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாங்க? நம்ம சின்னமே அதுதானே!"

ஒரு பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் சங்கிலி வந்தது. துருவின் நிறத்தில் பெயிண்ட் அடித்தது. அவள் மணிக்கட்டில் மாட்டினார்கள். அந்த வீட்டில்கூட யாரும் கட்டாத கையை அவள் குனிந்து பார்த்தாள்.

கர்ட்டன்காரருக்கு இப்போதுதான் உறைத்தது. "சார், ஒரு நிமிஷம். இது நடிப்பு இல்ல. இந்தப் பொண்ணு நிஜமாவே தப்பிச்சு வந்திருக்கு."

இயக்குநரின் சிரிப்பு கழன்று விழுந்தது. "நிஜமாவா? இன்னைக்கா? யாரைக் கேட்டுத் தப்பிச்சாங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"இதான் பிரச்சனை. இங்க பாருங்க, எனக்கு அனுதாபம் இல்லாம இல்ல. அனுதாபத்துக்காகவே தனிப் பிரிவு வச்சிருக்கோம். ஆனா இவங்க அடிமையா இருந்தாங்கன்னு யார் சொல்றது? இவங்களே சொன்னா அது சுயவிளம்பரம். முதலாளி சொல்லணும். அவர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

"முதலாளி கொடுப்பாங்களா சார்?"

"அடுத்தது, அதைவிட ஆழமானது. நிஜமான அடிமையா இருந்தா இங்க வர முடியாது. இங்க வர முடிஞ்சுதுன்னா நிஜமான அடிமை இல்ல. இந்தச் சிக்கலை ஆராய நாங்க ஒரு குழு போட்டிருக்கோம். மலைப்பிரதேசத்துல ரெண்டு முறை கூடியிருக்காங்க. அறிக்கை வரட்டும்." குரலைத் தாழ்த்தினார். "நிஜ ஆட்களுக்கு வேற கவுன்ட்டர். அது இன்னும் திறக்கல."

கம்பளியை எடுத்துவிட்டார்கள். டீ டம்ளரையும் வாங்கிக்கொண்டார்கள், பாதி இருந்தது.

கர்ட்டன்காரர் மனைவி அந்தப் பெண்ணின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கணவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அப்போது வரவேற்பு மேசைப் பெண்மணி ஒரு காகிதக் கட்டை எடுக்க வந்தவர்போல் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, நிஜம்னு சொல்லாதீங்க. நிஜம்னா இங்க ஒரு பேப்பரும் நகராது. ஒத்திகைன்னு சொல்லுங்க, எல்லாம் நடக்கும். நடிக்க வேண்டிய பொண்ணு காலையிலயே வரலைன்னுட்டா, போன வருஷம் நடிச்சதுக்கே இன்னும் சம்பளம் வரலையாம். இவங்க அதுக்குத்தான் தவிச்சுக்கிட்டு இருக்காங்க."

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "பாஸ்போர்ட் அந்த வீட்லயா இருக்கு? முறைப்படி கேட்டா நாங்க ஒரு கடிதம் எழுதுவோம். அவங்க பதில் போடுற வரைக்கும் உக்காந்திருக்கணும். ஒத்திகைன்னா இன்னைக்கே கேமராவோட, போலீசோட போய் வாங்கிடலாம். ஆனா நீ மறுபடி அந்த வீட்டுக்குள்ள கால் வைக்கணும். உனக்குப் பிடிக்கலைன்னா வேணாம், வேற வழி பாப்போம். நீதான் சொல்லணும்."

ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் அவளைக் கேட்டு, அவள் பதிலுக்காகக் காத்திருந்தார். மேடம் பதில் சொல்லிவிடுவாரோ என்பதுபோல் அவள் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அண்ணி கூட வந்தா போறேன்" என்றாள்.

கர்ட்டன்காரர் இயக்குநரின் பின்னால் ஓடினார். "சார், சார்! மன்னிச்சிடுங்க. நான் சொன்னதும் நடிப்புதான்."

இயக்குநர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி மனுஷா! ஒரு நிமிஷம் நிஜம்னே நம்பிட்டேன்யா. என்ன நடிப்பு!" கம்பளி திரும்பி வந்தது. டீ புதிதாகவே வந்தது.

சோதனை போடுவதற்கான வீட்டை வரவேற்பு மேசைப் பெண்மணிதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். முன்பே ஏற்பாடு செய்திருந்தது துணை இயக்குநரின் வீடு. அங்கே மாமனார் மாமியார் வந்திறங்கிவிட்டதால் சோதனை முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். "இவங்களுக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு சார். இன்னைக்குத்தான் புதுக் கர்ட்டன் மாட்டியிருக்காங்களாம்."

"புதுசா? கேமராவுக்கு எடுப்பா இருக்குமே!" என்று இயக்குநரே ஃபோன் போட்டார்.

மேடம் அப்போது, காணாமல் போனவளைப் பற்றிப் போலீசில் சொல்லலாமா, சொன்னால் அவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்ற யோசனையில் நகம் கடித்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி வருகிறது, பண்புள்ள ஒரு குடும்பத்தின் ஒத்துழைப்பு தேவைப்படுகிறது, முதலாளியாக நடிக்க வேண்டும் என்று கேட்டதும் உடை மாற்றப் போய்விட்டார்.

இயக்ககத்தின் வண்டியும் கர்ட்டன்காரரின் வண்டியும் ஒரு போலீஸ் ஜீப்பும் போய் நின்றன. ஜீப்பில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். வாரம் தவறாமல் ஏதாவதொரு துறையின் நாடகத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டு அலுத்துப்போனவர். வாயில் மிட்டாய் ஒன்றைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்துகொண்டார்.

கதவைத் திறந்த மேடம், கம்பளியும் சங்கிலியுமாக நின்றவளைப் பார்த்துவிட்டார்.

"எங்கடி போய்த் தொலை..." என்று ஆரம்பித்தபோது கேமராவின் விளக்கு எரிந்தது. "...தூரம் நடந்து வந்தியா கண்ணு? களைச்சுப் போயிட்டியே!"

"உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகமா?" என்று இயக்குநர் வியந்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி சார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நடிக்க வந்துட்டா போலிருக்கு. இவளுக்கு இப்படி ஒரு ஆசை இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"பிரமாதம்! ஒரே வீட்ல ரெண்டு கலைஞர்கள்!"

கூடத்தில், கர்ட்டன்காரர் மாட்டிய திரைகளுக்கு முன்னால், இயக்குநர் சொற்பொழிவை ஆரம்பித்தார். "நண்பர்களே, அடிமைத்தனம் எங்கோ இருட்டில் இருக்கிறது என்று நினைக்கிறோம். இல்லை! அது நம் பக்கத்திலேயே இருக்கலாம். கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும்." தன் பக்கத்தில் நின்றிருந்தவளைக் கண்ணைத் திறந்து பார்த்து, "கொஞ்சம் நகருங்கம்மா, மைக் மறைக்குது" என்றார்.

முதலாளிக்கான வசனம் எழுதிய காகிதம் மேடத்தின் கைக்குப் போனது. மேடம் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். "'நான் இவரது பாஸ்போர்ட்டை வைத்திருக்கிறேன். நான் இவரை வெளியே விடுவதில்லை. நான் இவருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. நான் தவறு செய்துவிட்டேன்.'" நிமிர்ந்தார். "சார், முதல் மூணு வரி சரி. நாலாவது வரி எனக்கு இயல்பா வராது."

"உங்களுக்கு எப்படி வருதோ அப்படியே பேசுங்க மேடம். இயல்புதான் முக்கியம்."

"அப்படின்னா சரி." மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாஸ்போர்ட்டை நான் பத்திரமா வச்சிருக்கேன். அவகிட்ட இருந்தா தொலைச்சிடுவா, இல்ல எங்கயாவது கிளம்பிடுவா. வெளிய விடுறதில்லதான். வெளிய போனா நாலு பேர்கிட்ட பேசுவா; பேசினா நம்ம வீட்டுக்கும் மத்த வீட்டுக்கும் வித்தியாசம் பாப்பா; மனசு கெட்டுடும். சம்பளம் கொடுக்கிறதில்லைன்னு சொல்றது தப்பு சார். சம்பளம் தேவைப்படாத மாதிரி வச்சிருக்கேன். வெளிய போனாதானே செலவு? ரூம்ல போட்டுப் பூட்டுறேன்னு மட்டும் எழுதிடாதீங்க. நாங்க பூட்டு போட்டதே இல்ல. வெறும் தாழ்ப்பாள்தான்."

"ஆஹா" என்றார் இயக்குநர்.

"அவ வீட்டுக்காரங்களைக்கூட நான் கவனிக்காம விடல சார். அவளோட ஃபோன்லேர்ந்து தினமும் காலையில நானே பூப்படம் போட்டு 'இனிய காலை வணக்கம்'னு அனுப்பிடுறேன். பொண்ணு சந்தோஷமா இருக்கான்னு அங்க எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. யாரு சார் இந்தக் காலத்துல இவ்வளவு செய்வா?"

கூடமே கைதட்டியது. சுவரில் சாய்ந்திருந்த இன்ஸ்பெக்டர் மட்டும் தட்டவில்லை. மிட்டாயைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, மேடத்தைப் பார்த்தார். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். பிறகு நேராக நிமிர்ந்து நின்றார்.

பாஸ்போர்ட்டை மீட்கும் கட்டம் வந்தது. அட்டையில் செய்த ஒன்றை இயக்குநர் எடுத்துக் கொடுத்தார். மேடம் முகம் சுளித்தார். "இது பொம்மை மாதிரி இருக்கே! இருங்க, நிஜமானதே இருக்கு" என்று உள்ளே போய், பீரோவிலிருந்து அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டையும் ஃபோனையும் கொண்டுவந்து நீட்டினார். கேமராவுக்காகப் புன்னகைத்தார். ஒரு தடவை சரியாக விழவில்லை என்று மறுபடி நீட்டினார்.

இயக்குநர் அவற்றை வாங்கி, பரிசளிப்பு விழாவில் கோப்பை கொடுப்பதைப்போல அந்தப் பெண்ணிடம் நீட்டி, படம் எடுக்கும்வரை விடாமல் பிடித்திருந்து, பிறகு விட்டார். "இத்துடன் ஒத்திகை வெற்றிகரமாக நிறைவு பெறுகிறது! விதிமுறைப்படி, பங்கேற்ற பொருள்கள் உரியவரிடம் திருப்பித் தரப்படும். பங்கேற்றவர்கள் அவரவர் இருந்த இடத்தில் விடப்படுவார்கள். நல்லவேளையா இவங்க இந்த வீட்டுப் பொண்ணாவே போயிட்டாங்க. நமக்குப் பெட்ரோல் மிச்சம். அம்மா, அந்த பாஸ்போர்ட்டை மேடம்கிட்ட கொடுத்துடுங்க."

மேடம் கையை நீட்டினார்.

ஒத்திகை முடிந்தால் இப்படி ஒன்று இருக்கும் என்று யாருமே கர்ட்டன்காரருக்குச் சொல்லவில்லை. மனைவி ஓரடி முன்னால் வந்தார். ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணே பேசிவிட்டாள்.

"நான் நடிக்கல சார்."

கைதட்டல்.

"நிஜமாவே நடிக்கல. இவங்க சொன்னதெல்லாம் நடந்தது. நான் இங்க இருக்க மாட்டேன்."

இன்னும் பலத்த கைதட்டல். "குரல்ல அந்த நடுக்கத்தைக் கவனிச்சீங்களா?" என்று இயக்குநர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அவள் கம்பளியைக் கழற்றி நாற்காலியின்மேல் மடித்து வைத்தாள். மடித்து வைக்காமல் எதையும் வைக்க அவளுக்கு வராது. மணிக்கட்டிலிருந்த பிளாஸ்டிக் சங்கிலியை உருவி இயக்குநர் கையில் கொடுத்தாள். "இது உங்களோடது சார்" என்றாள். பாஸ்போர்ட்டையும் ஃபோனையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இது என்னோடது" என்றாள். திரும்பி, கூடத்தைத் தாண்டி, வாசல் படி இறங்கி, கேட்டை நோக்கி நடந்தாள்.

"எங்க போறா இவ? பிடிங்க!" என்று மேடம் பின்னால் ஓடப் பார்த்தார்.

"குறுக்கே போகாதீங்க மேடம், கேமரா ஓடுது!" என்று இயக்குநர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "பாத்திரத்துலயே மூழ்கிட்டாங்க. இந்த மாதிரி முடிவு நமக்குத் தோணவே இல்லையே!"

கேட்டின் கொண்டி கொஞ்சம் இறுக்கம். உள்ளிருந்து அதை அவள் திறந்ததே இல்லை. இரண்டு கையாலும் தூக்கித் தள்ளித் திறந்தாள். தெருவில் இறங்கினாள். பின்னாலேயே ஓடிய கர்ட்டன்காரர் மனைவி வண்டியின் கதவைத் திறந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கூடத்தின் நடுவுக்கு வந்தார். "மேடம், நீங்க உக்காருங்க. கொஞ்சம் பேசணும்."

"ஒத்திகைதான் முடிஞ்சுதே!" என்றார் மேடம்.

"ஆமா மேடம், முடிஞ்சுது" என்றார் இன்ஸ்பெக்டர். கேமராக்காரரிடம் திரும்பி, "அந்தப் பதிவை அழிச்சிடாதீங்க" என்றார்.

வண்டியில் அந்தப் பெண் தன் ஃபோனைத் திறக்கப் பார்த்தாள். மேடம் பூட்டு எண்ணை மாற்றியிருந்தார். கர்ட்டன்காரர் மனைவி தன்னுடையதைக் கொடுத்தார். தங்கையின் எண்ணை மறக்காமலிருக்க, பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அடித்தாள்.

"நான்தான்டி."

மறுமுனையில் சந்தேகமான குரல். "எந்த நான்?"

"உன் அக்காடி!"

"அக்காவா? அவ காலையிலதான் எனக்கு ரோஜாப்பூ அனுப்பினா. நீ யாரு?"

அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கோ ஓரிடத்தில் அழுகையாக மாறியது, மறுமுனைக்கு அந்த அழுகைதான் யாரென்று சொன்னது. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கர்ட்டன்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த கட்டடத்தின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வரவேற்பு மேசைப் பெண்மணி எழுதிக் கொடுத்த முகவரியில் கண்ணாடிக் கட்டடம் எதுவும் இல்லை. ஒரு சந்துக்குள் வாடகை வீடு. நடத்துகிறவர்கள் இரண்டு பெண்கள். சுவரில் சங்கிலிப் படம் இல்லை, பலூனும் இல்லை. வந்தவளிடம் ஒன்றும் கேட்காமல் சாப்பாடு போட்டார்கள். படுக்கையைக் காட்டினார்கள். "தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கு. வேணும்னா போட்டுக்கோ, வேணாம்னா திறந்து வச்சுக்கோ" என்றார் ஒருவர். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம் அவரும் நிறுத்தினார்.

வழக்கு நடந்தது. மேடத்தின் வக்கீல், அது வெறும் நாடக வசனம், யாரோ எழுதிக் கொடுத்ததை என் கட்சிக்காரர் வாசித்தார் என்று வாதாடினார். இயக்குநரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். இந்த வசனத்தை எழுதியது யார் என்று நீதிபதி கேட்டபோது, இயக்குநர் உண்மையை மறைக்கவில்லை. கலையில் அவருக்கு அவ்வளவு மதிப்பு. "நாங்க எழுதினது நாலே வரிதான் ஐயா. மீதியெல்லாம் அந்தம்மா சொந்தமா பேசினது. நாலாவது வரியை மட்டும் கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க." வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடத்துக்குத் தண்டனை கிடைத்தது. சேர வேண்டிய சம்பளம் முழுவதையும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஏஜென்டையும் தேடிப் பிடித்தார்கள். அவனிடமிருந்து இன்னும் சில வீடுகளின் முகவரிகள் கிடைத்தன. அவற்றுக்கு இன்ஸ்பெக்டர் ஒத்திகை இல்லாமலே போனார்.

இயக்ககத்தின் ஆண்டறிக்கை வழவழப்பான தாளில் வெளிவந்தது. ஒத்திகை: மாபெரும் வெற்றி. நிஜமாக உதவி கேட்டு வந்தவர்கள்: எவரும் இல்லை. இதைப் பாராட்டி இயக்குநருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். நிஜ ஆட்களுக்கான கவுன்ட்டரைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை என்று குழுவும் பரிந்துரைத்தது. வரவேற்பு மேசைப் பெண்மணி இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறார். இப்போது மாதம் ஒரு ஒத்திகை வைக்க வேண்டும் என்று குறிப்பு எழுதி அனுப்பி, அனுமதியும் வாங்கிவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயிண்ட் கடையில் வேலை கிடைத்தது. வாடிக்கையாளர் கேட்கிற நிறத்தைக் கலந்து கொடுக்கிற வேலை. 'மேகம் மாதிரி', 'மேகம்னா மழை மேகம் இல்ல' என்றெல்லாம் கேட்பவர்களிடம் பொறுமையாக விசாரித்துக் கலந்து கொடுப்பாள். ஒருநாள் கடைக்கு ஃபோன் வந்தது. இயக்குநர்.

"அம்மா, வர்ற மாசம் பெரிய ஒத்திகை. மந்திரியே வர்றார். உங்களை மாதிரி நடிக்க ஆளே கிடைக்கல. நீங்கதான் வரணும்."

"என்னைக்கு சார்?"

"முதல் ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு சார்."

"அதான்மா வசதி! லீவுதானே, வந்துடுங்க."

"இல்ல சார். லீவு."

"இது சேவைம்மா. அடிமைத்தனத்தை ஒழிக்கிற விஷயம். ஒரு நாள் சம்பளம் எதிர்பார்க்காம வந்து உழைக்கக் கூடாதா? அப்படி என்ன உங்களுக்கு அன்னைக்கு முக்கியமான வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல சார். சும்மா இருக்கப் போறேன்."

இயக்குநர் ஃபோனை வைத்துவிட்டு, வரவேற்பு மேசைப் பெண்மணியிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். "எவ்வளவு செஞ்சோம் அந்தப் பொண்ணுக்கு! இப்ப பாருங்க, கூப்பிட்டா வர மாட்டேங்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னபடியே சும்மா இருந்தாள். வெயில் ஏறும்வரை தூங்கினாள். எழுந்து காப்பி போட்டுக் குடித்தாள். குடித்த டம்ளரைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு, மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டாள்.